வெறுநிலம் என்று ஒன்று உண்டா?

மரம் நடுதல் நல்வினை. மரத்தை வெட்டுதல் தீவினை. பாடசாலையிற் கற்ற அறங்களுள் இதைப்போல ஐயத்துக்கு இடமின்றி நம் உள்ளத்திற் பதிந்தது பிறிதொன்று இல்லை எனலாம். பொய் கூறுதல் கூடச் சில வேளைகளில் ஏற்புடையதாகும் என வாதிடுவோர் உளர்; வள்ளுவரே அதற்கு இடமளித்துள்ளார். மரத்தின் பொருட்டு அத்தகைய விதிவிலக்கை எவரும் நாடுவதில்லை. முல்லைக் கொடிக்குத் தேர் ஈந்த பாரியை இருபது நூற்றாண்டுகளாகப் போற்றிவரும் மரபு நம்முடையது. இக்கட்டுரை அவ்வறத்தை மறுக்கப் புகவில்லை. எந்நிலத்தில், எவரைக் கேட்டு, எவருடைய இழப்பில் மரம் நடப்படுகின்றது என்ற வினாக்களை ஒதுக்கிவிட்டு அச்செயலை அறம் என்று கூறவியலுமா என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது. பாரி ஈந்தது தன் தேரை என்பதையும் இடையிடையே நினைவிற் கொள்ளுதல் நன்று.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் எம்போன்றோர்க்கு மேய்ச்சற்றரை என்பது ஏட்டிற் கண்ட முல்லைத் திணையே. ஆயினும் நமக்கும் அதற்கும் தொடர்பு இல்லாமலில்லை. வெள்ளவத்தைக் கடைகளில் அடுக்கப்பட்டிருக்கும் எருமைத் தயிர்ச் சட்டிகளுட் பல தென்மாகாணத்திலிருந்து வருவன. அக்கடைகளின் வாயிலைத் தொட்டுச் செல்லும் காலி வீதியே காலி, மாத்தறை வழியாக அம்பாந்தோட்டை வரை நீண்டு செல்லும் நெடுஞ்சாலை. அதன் வழியே அம்பாந்தோட்டையைக் கடந்து கிழக்கே சென்றால் பூந்தல தேசிய பூங்காவை அடையலாம். நம் வினாவுக்குரிய களம் அங்கேதான் உள்ளது.

பூந்தல ஏறத்தாழ 6,200 ஹெக்டேயர் பரப்புடையது. 1969 இல் சரணாலயமாகவும் 1993 இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. இடையில், 1990 இல், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான றம்சார் பட்டியலில் இலங்கையிலிருந்து முதலாவதாக இடம்பெற்றது. பூந்தல, எம்பிலிகல, மலல முதலிய களப்புகளும், அவற்றைச் சூழ்ந்த முட்புதர்க்காடும், களப்போரப் புற்றரைகளும் சேர்ந்ததே அந்நிலம். கண்டங்கள் கடந்து வரும் பறவைகள் இரைதேடும் இடம் அது. எருமையும் பசுவும் தலைமுறை தலைமுறையாக மேய்ந்த இடமும் அதுவே.

1950களின் தொடக்கத்தில் அம்பாந்தோட்டை மாவட்டத்தின் உவர்நிலங்களைத் திருத்துவதற்கும், வெறுமையாய்க் கிடந்த தரைக்குப் பசும்போர்வை அளிப்பதற்குமென ஒரு மரம் கொண்டுவரப்பட்டது. அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட அதனைத் தமிழ்நாட்டார் சீமைக் கருவேல் என்பர். அம்பாந்தோட்டைச் சிங்கள மக்கள் அதற்குக் களப்பு அந்தர என்று பெயரிட்டனர். அந்தர என்பது நாம் விடத்தல் என்று வழங்கும் உள்நாட்டு முட்செடி. வந்த மரத்துக்கு உள்ளூர்ச் செடியின் பெயரையும் களப்பின் பெயரையும் சேர்த்துச் சூட்டியதோடு அது இந்நாட்டு மரமாகிவிட்டது. இந்நாட்டிற் குடியுரிமை பெறுதல் மனிதர் எல்லார்க்கும் இத்துணை எளிதாய் இருந்ததில்லை.

அம்மரம் பரவிய முறை கவனத்துக்குரியது. அதன் காய்களில் இனிய சதை உண்டு. மாடும் எருமையும் அதனை விரும்பி உண்ணும். உள்ளிருக்கும் விதையோ வன்மையான உறையுடையது. விலங்கின் குடலினூடே செல்லும்போது அவ்வுறை இளகி, விதை முளைத்தற்கு ஆயத்தமாகச் சாணத்தோடு வெளிவருகின்றது. ஈரச் சாணமே அதற்கு நாற்றுமேடை. மேய்ச்சலினாற் புல் குறுகிய தரையில் இளங்கன்றுக்குப் போட்டியும் குறைவு. சில ஆண்டுகளில் முட்கள் பின்னிய புதர் எழுந்து தரையை மூட, அதன் கீழ்ப் புல் அருகிவிடும். புல் அருகினால் மாட்டுக்கு இரையில்லை. திறந்த கரை மறைந்தால் நீர்ப்பறவைக்கு இடமில்லை. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்குப் பலவாகக் கிளைத்தெழும். வேரோடு அகழ்ந்தாலன்றி ஒழியாது. அகற்றும் முயற்சிகள் பலமுறை மேற்கொள்ளப்பட்டும் அது இன்னும் அங்கே நிற்கின்றது.

இந்நிலையில் குற்றவாளி யார் என்ற வினா எழுகின்றது. மரத்தைக் குற்றங்கூறுதல் பேதைமை. எனவே பலரும் மாட்டைச் சுட்டுகின்றனர். விதையைச் சுமந்து செல்வது மாடு. தேசிய பூங்காவினுள் மாடு மேய்த்தல் சட்டப்படி குற்றம். ஆகவே மாட்டுக்காரனே நிலத்தின் பகைவன் என்பது அவர்தம் முடிபு. இம்முடிபு உண்மையின் ஒரு துண்டை மட்டும் பற்றி நிற்பது. 1980களில் லுணுகம்வெஹெர நீர்த்தேக்கத்தை மையமாகக் கொண்டு கிரிந்தி ஓயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டம் நிறைவேற்றப்பட்டது. புதர்க்காடாகவும் மேய்ச்சல் நிலமாகவும் இருந்த பரப்புகள் வயல்களாயின. வயல்களிலிருந்து வடிந்த நீர் எம்பிலிகல, மலலக் களப்புகளிற் கலந்து அவற்றின் உவர்த்தன்மையைக் குறைத்து, அங்குள்ள உயிர்ச்சூழலையே மாற்றியது. வயல் பெருகப் பெருக மாட்டுக்குரிய இடம் சுருங்கிற்று. மரத்தை அது நடவில்லை. வயலை அது வெட்டவில்லை. வழக்கு மட்டும் அதன்மேல் வந்து விழுந்தது.

மரத்தை நட்டவர்கள் தீயவர்களா? அல்லர். உவர்நிலம் செழிக்கவேண்டும் என்றே அவர்கள் எண்ணினர். நோக்கத்தைக் கொண்டு செயலை மதிப்பிடும் கான்றின் வழிநிற்போர் அவர்களைக் குற்றமற்றவர் என விடுவிப்பர். விளைவைக் கொண்டு மதிப்பிடும் மில்லின் வழிநிற்போர் தவறிழைத்தவர் என்பர். நம் விரிவுரை மண்டபங்களிற் பழகிப்போன இவ்விவாதம் இங்கு நமக்கு அதிகம் உதவாது என்பது எமது கருத்து. ஒரு கற்பனை செய்து பார்ப்போம். அம்மரம் பரவாமல் நட்ட இடத்திலேயே நின்று, நிழலும் விறகும் தந்து, எவருக்கும் தீங்கின்றி வளர்ந்ததாகக் கொள்வோம். அப்பொழுதும் அத்தரையில் மாடு மேய்த்தவனுக்கு முறையிட ஒன்று எஞ்சியிருக்கும். நாம் இல்லாத வேளையில் நம் வீட்டினுள் ஒருவர் புகுந்து, தளபாடங்களை இடம்மாற்றி வீட்டை அழகுபடுத்திச் சென்றால், அழகு கூடியதா குறைந்ததா என்று நாம் முதலிற் கேட்கமாட்டோம். அவரை உள்ளே விட்டவர் யார் என்றே கேட்போம். நோக்கத்திலும் விளைவிலும் அடங்காத இத்தவறு, அந்நிலத்தை வெறுநிலம் என்று கண்ட பார்வையிலே உள்ளது.

இப்பார்வை திடீரெனத் தோன்றியதன்று. ஆங்கிலேயராட்சி 1840 இல் பிறப்பித்த 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் குடியிருப்பின்றியும் பயிரிடப்படாமலும் உள்ள நிலங்கள் யாவும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியன என ஊகித்தல் வேண்டும் என்றது. பயிரிடப்படாமை என்ற ஒரு சொல்லிலே மேய்ச்சற்றரை முழுவதும் அடங்கிப்போயிற்று. 1897 இன் தரிசு நிலக் கட்டளைச் சட்டம் அவ்வழியை மேலும் செப்பனிட்டது. கோப்பித் தோட்டத்துக்குக் காணி வேண்டியிருந்த காலத்தில் நிலத்தை வெறுமையாகக் காண்பது இலாபம் தரும் கண்ணோட்டமாய் இருந்தது. இதற்குத் தத்துவ முன்னோடியாகக் காட்டப்படுபவர் ஜோன் லொக். உழைப்பைக் கலந்தவனுக்கே நிலம் உரியது, உழைப்புப் படாத நிலம் தரிசு என்பது 1689 இல் வெளிவந்த அவருடைய அரசியல் நூலின் கருத்து. ஆனால் அந்நூலைக் கூர்ந்து நோக்குவோர் ஒரு செய்தியைக் காண்பர்: நிலத்தைத் திருத்தும் உழைப்புகளை எண்ணுமிடத்து உழவையும் நடுகையையும் மட்டுமன்றி மேய்ச்சலையும் லொக் சேர்த்தே எண்ணுகின்றார். சட்டம் எழுதியோர் தம் தத்துவாசிரியர் விட்டுவைத்த இடத்தைக் கூட மாட்டுக்காரனுக்கு விட்டுவைக்கவில்லை.

முடியாட்சி நீங்கிய பின்னரும் அப்பார்வை நீங்கவில்லை. மட்டக்களப்பு மாவட்டத்தின் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரைகளின் பொருட்டுக் கால்நடைப் பண்ணையாளர் 2023 செப்டெம்பரில் தொடங்கிய தொடர் போராட்டத்தை நாம் அறிவோம். அங்கு தரையை அடைத்தது மரமன்று, பயிர்ச்செய்கை. இனமும் அரசியலும் கலந்த அவ்வழக்கினைப் பூந்தலவோடு ஒப்பிடுதல் முழுவதும் பொருந்தாது. ஆயினும் மாடு இன்று நிற்காத தரையை ஆளில்லாத தரை எனக் கொள்ளும் மனநிலை இரண்டிடத்தும் ஒன்றே. மேய்ச்சல் என்பது பருவந்தோறும் பெயர்ந்து செல்லும் வாழ்க்கை. வயலுக்கு வரம்புண்டு, தோட்டத்துக்கு வேலியுண்டு. மேய்ச்சற்றரையின் எல்லை மேய்ப்பவனின் நினைவிலேயே உள்ளது. நினைவை நில அளவையாளர் அளப்பதில்லை.

மாட்டுக்காரனுக்கு எதிராக அறிவுலகிலிருந்தும் ஒரு வாதம் வந்தது. 1968 இல் கரட் ஹார்டின் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பொதுநிலத்தில் ஒவ்வொருவனும் தன் இலாபங்கருதி மேலும் ஒரு மாட்டைச் சேர்ப்பான், ஈற்றில் எல்லார்க்கும் நிலம் அழியும் என்றது. கேட்பதற்குக் கணிதம்போல் இருப்பினும் அது ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத மனிதரை எண்ணிச் செய்த கணிதம். எலினோர் ஒஸ்ட்ரொம் 1990 இல் வெளியிட்ட நூலிலே சுவிற்சர்லாந்தின் மலை மேய்ச்சல்கள், ஜப்பானின் ஊர்ப்பொதுக் காடுகள் முதலியவற்றை ஆராய்ந்து, பயன்படுத்துவோர் தாமே வகுத்த விதிகளால் நூற்றாண்டுக்கணக்கிற் பொதுநிலம் காக்கப்பட்டதைக் காட்டினார். 2009 இல் பொருளியலுக்கான நொபெல் பரிசு பெற்ற முதற் பெண்மணி அவர். ஹார்டினை மேற்கோள் காட்டும் பரீட்சை விடைகளில் அவர் பெயர் இன்னும் அருகியே வருகின்றது.

இதுவரை கூறியதைக் கொண்டு, அந்நிய மரத்தை வெட்டி மேய்ச்சலை மீட்பதே அறம் என்று முடித்துவிடலாமா? ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களின் அனுபவம் அவ்வாறு முடிக்கவிடாது நம்மைத் தடுக்கின்றது. நெவாடா, யூட்டா, அரிசோனா, நியூ மெக்சிக்கோப் பகுதிகளின் வறண்ட மேட்டுநிலங்களிற் பின்யன் பைனும் ஜூனிப்பரும் கலந்த குறுங்காடுகள் உள. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்த குடியேறிகளின் மாடுகளும் ஆடுகளும் புல்லை ஒட்ட மேய்ந்தன. தீயைக் கொண்டுசெல்லப் புல் இல்லாமற் போயிற்று. பின்னர் எழுந்த தீயும் அணைக்கப்பட்டது. இளங்கன்றுகளைக் காலந்தோறும் அழித்துவந்த தீ நின்றதும் மரங்கள் புல்வெளிகளுள் இறங்கின. 1950களிலும் 1960களிலும் இரண்டு புல்டோசர்களுக்கு இடையே கப்பலின் நங்கூரச் சங்கிலியைப் பூட்டி இழுத்து, ஆயிரமாயிரம் ஏக்கர்களில் அம்மரங்களை வீழ்த்தினர். மாட்டுக்குப் புல் வேண்டும் என்பதே முதன்மையான காரணம்.

இங்கு மரம் அந்நியமன்று. அந்நியமாய் வந்தது மாடு. பின்யன் பைனின் விதை ஷொஷோனி, பையூட் முதலிய பழங்குடியினரின் மாரிக்கால உணவு. மேலும் நெவாடாவின் யுரேக்கா என்னும் ஊரைச் சூழ்ந்த குன்றுகளில் 1870களிலேயே வெள்ளி உருக்கும் உலைகளுக்குக் கரி வேண்டி மரமெல்லாம் வெட்டப்பட்டிருந்தது. அத்தகைய இடத்தில் இன்று மரம் முளைத்தால் அது ஆக்கிரமிப்பா, அன்றித் தன் வீட்டுக்குத் திரும்புதலா? எந்த ஆண்டைத் தொடக்கமாகக் கொள்கின்றோமோ அந்த ஆண்டே விடையைத் தீர்மானிக்கின்றது. இயற்கை தன் ஏட்டில் எந்த ஆண்டையும் அடிக்கோடிட்டு வைக்கவில்லை. அதே நாட்டிலே நவாஹோ மக்களின் கதை வேறு. அவர்கள் செம்மறி வளர்ப்போர். 1933 முதல், ஜோன் கொலியர் பழங்குடி விவகார ஆணையாளராக இருந்த காலத்தில், மண்ணரிப்பைத் தடுப்பதற்கென்று அவர்களுடைய மந்தைகள் கட்டாயமாகக் குறைக்கப்பட்டன. பிடிக்கப்பட்ட ஆடுகள் பல அங்கேயே கொல்லப்பட்டன. மண்ணைக் காத்தல் என்ற நோக்கம் நன்றே. அம்மக்களின் நினைவில் எஞ்சியதோ ஆடுகளின் பிணக்குவியல்.

நிலத்தின் இயல்பு மாறக்கூடியது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். முல்லையும் குறிஞ்சியும் தம் நிலை திரிந்தால் பாலையாகும் என்ற கருத்தைச் சிலப்பதிகாரத்திற் காண்கின்றோம். தொல்காப்பியமோ ஒரு திணையின் கருப்பொருள்களாகத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் என்பவற்றை ஒருங்கே எண்ணுகின்றது. முல்லை காடு சார்ந்த நிலம். ஆயினும் ஆயரும் ஆநிரையும் இல்லாத காட்டை முல்லை என்று அம்மரபு கூறவில்லை. இவை செய்யுட்குரிய வகுப்புகளேயன்றிச் சூழலியல் நூற்பாக்கள் அல்ல. சங்கச் சான்றோர் நவீன விஞ்ஞானத்தை முன்பே அறிந்திருந்தனர் என்று மார்தட்டும் கூட்டத்தில் எம்மைச் சேர்க்க வேண்டா. ஒரு நிலத்தை மரத்தைக் கொண்டு மட்டும் அடையாளங் காணாத சிந்தனை முறையொன்று நமக்குப் பழக்கமானதே என்பதைச் சுட்டுதல் மட்டுமே எமது நோக்கம்.

காலம் கடக்கும்போது புதிய உரிமைகளும் பிறக்கின்றன. குசராத்தின் கச்சு மாவட்டத்திலே பன்னி என்னும் பரந்த புல்வெளி உண்டு; 1960களில் உவர் பரவுவதைத் தடுக்கவென்று வனத்துறை அங்கும் இதே சீமைக் கருவேலை நட்டது. மால்தாரி எனப்படும் மேய்ப்போரின் புல் சுருங்கிற்று. காய்களை மிகுதியாகத் தின்ற பசுக்கள் நோயுற, எருமை தாக்குப்பிடித்தது. ஆனால் அம்மக்களுட் பலர் இன்று அதே மரத்தைக் கரியாக்கி விற்று உண்கின்றனர். இராமநாதபுரத்துக் கரிமூட்டத் தொழிலாளரின் நிலையும் இதுவே: மழை பொய்த்த ஆண்டில் அவருக்குச் சோறு போடுவது அம்மரமே. 2017 இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேலை அகற்றுமாறு கட்டளையிட்டதும், அதே ஆண்டில் அதற்கு இடைக்காலத் தடை வந்ததும், இவ்விடர்ப்பாட்டின் வெளிப்பாடுகளே. நட்டபோது கேளாமல் நட்டோம் என்பது வெட்டும்போது கேளாமல் வெட்டுவதற்கு நியாயமாகாது.

இவ்விடத்து ஒரு தடை எழுப்பப்படலாம். எல்லாரையும் கேட்பதாயின் எச்செயலும் நிறைவேறாது. தவிர, பறவையையும் புல்லையும் எவ்வாறு கேட்பது? இத்தடை வலிதே. வாய் இல்லாத உயிரின் பொருட்டு ஒருவர் பேசத்தான் வேண்டும். பூந்தலவில் அப்பணியை வனசீவராசிகள் திணைக்களமும் உயிரியலாளரும் செய்கின்றனர். அவர்கள் பேசுதல் தவறன்று. ஆனால் புல்லைப் பற்றி அறிந்த மற்றொருவனும் அங்கு உளன். எந்த மாதத்தில் எந்தக் காய் பழுக்கும், எந்தக் கரையில் முதற் கன்று முளைத்தது, மாடு எதை விட்டு எதைத் தின்னும் என்பவற்றை நாள்தோறும் கண்டவன் மாட்டுக்காரன். அவனைக் கேட்பது அவனுக்குச் செய்யும் சலுகையன்று. கேளாமல் விடுவோர் தம் அறிவின் ஒரு பகுதியை இழக்கின்றனர்.

இது பழங்கதையாகப் போய்விட்டதெனில் இத்துணை விரிவாக எழுதவேண்டியதில்லை. 2019 இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் வெளியான ஒரு கட்டுரை, உலகில் மேலும் 90 கோடி ஹெக்டேயர் பரப்பை மரக்கவிகையால் மூட இடமுண்டு எனக் கணித்தது. புல்வெளிகளையும் சவன்னாக்களையும் காடு இழந்த நிலமாக எண்ணியதாக மறுப்புகள் அதே இதழில் எழுந்தன. காற்றிலுள்ள கரியமிலவாயுவைக் குறைக்கவென்று மரம் நட்டுக் கணக்குக் காட்டும் நிறுவனங்கள் இன்று நிலம் தேடுகின்றன. அவை முதலிற் காண்பது வேலியற்ற தரையையே. 1840 இல் கோப்பிக்காகத் தேடப்பட்ட வெறுநிலமும் இன்று கரிக்கணக்குக்காகத் தேடப்படும் வெறுநிலமும் அடையாளங் காணப்படும் முறை பெரிதும் ஒன்றே.

பூந்தலவைப் பொறுத்தமட்டில், சீமைக் கருவேல் களப்போரத்திலிருந்து வேரோடு அகழப்படவேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. பின்யன் பைனைப்போல அதற்கு அங்கே பழைய உரித்தாளர் எவரும் இலர். விட்டுவைத்தால் பறவையும் மாடும் ஒருங்கே இழக்கும். யார் அகழ்வது, எக்கூலிக்கு, அகழ்ந்த இடத்திற் புல் மீளும்வரை மாடு எங்கே நிற்பது என்பவை இன்னும் பேசப்படவேண்டியவை. காய் பழுக்கும் பருவத்தில் மந்தையைப் பூங்காவுக்கு வெளியே நிறுத்துமாறு கோரலாம். அதற்கு வெளியே ஒரு தரை இருக்கவேண்டும். அத்தரை இன்று வயலாய் உள்ளது. வயலுக்குரியவனும் அரசு அளித்த காணியிற் குடியேறிய ஏழையே. அவனுடைய வாய்க்காலின் வடிநீர் களப்பைச் சென்றடைகின்றது. இம்மூவரையும் ஒரே பாயில் இருத்தும் சட்டம் ஒன்று வரும்வரை, வறட்சிக் காலத்து இரவுகளில் மாடுகள் பூங்கா எல்லையைக் கடந்துகொண்டேயிருக்கும். சாணத்தில் விதையும் முளைத்துக்கொண்டேயிருக்கும்.